‘பாட்டி எழுத்து’: பினாங்கில் ஒரு பாலர் வகுப்பில் டேப்லட்டும் எழுத்தறிவும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், அதன் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், ஒரு தமிழ்ப்பள்ளியின் வளாகத்திலேயே இயங்கும் பாலர் வகுப்பில் 2024 மார்ச் முதல் 2025 ஜனவரி வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அவ்வகுப்பின் ஆசிரியை நான். வகுப்பில் 23 குழந்தைகள். அனைவரும் அடுத்த கல்வியாண்டில் முதலாம் ஆண்டுக்குச் செல்ல வேண்டியவர்கள். குழந்தைகள், குடும்பங்கள், பள்ளி, நாங்கள் பயன்படுத்திய செயலி ஆகியவற்றின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

இக்குழந்தைகள் 2018இல் பிறந்தவர்கள். 2020 மார்ச் 18இல் கோவிட் பெருந்தொற்றுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது இவர்களுக்கு வயது இரண்டு அல்லது அதற்கும் குறைவு. பேச்சு மலர வேண்டிய காலத்தின் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே, பெரும்பாலும் கைப்பேசித் திரையின் துணையோடு கழித்தவர்கள். பெற்றோரை இதற்காகக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை மாற்று முறையில் உழைத்துவிட்டு வரும் ஒரு தாய்க்கு, குழந்தை அரை மணி நேரம் அமைதியாக இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

கல்வியாண்டு தொடங்கிய சில நாள்களில் முன்னாள் மாணவர்கள் வகுப்புக்கு ஆறு டேப்லட்டுகளை அன்பளிப்பாகத் தந்தார்கள். தமிழ் எழுத்துகளைப் படத்தோடும் பாட்டோடும் கற்பிக்கும் செயலி ஒன்றை நானே தேர்ந்தெடுத்து அவற்றில் நிறுவினேன். குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழந்தைக்கும் நாள்தோறும் இருபது நிமிடம் ஒதுக்கினேன். செயலி கொடுக்கும் நட்சத்திரங்களைச் சுவரில் ஒரு பட்டியலாக ஒட்டி, அதைப் படமெடுத்துப் பெற்றோரின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் அனுப்பி வந்தேன். பெற்றோர் பெரிதும் மகிழ்ந்தார்கள். பலர் அதே செயலியைத் தங்கள் கைப்பேசியிலும் இறக்கிக்கொண்டார்கள்.

ஏப்ரல், மே: கண்டவை

பட்டியலில் முதலிடத்தில் இருந்தவன் ஒரு சிறுவன். ஏழு வாரங்களில் உயிரெழுத்து, மெய்யெழுத்து, உயிர்மெய் என எல்லாப் படிகளையும் முடித்திருந்தான். செயலியின் கணக்குப்படி 247 எழுத்துகளும் அவனுக்குத் தெரியும். ஆனால் மே மாத நடுவில், வாசிப்பு மூலையில் ஒரு படக்கதை நூலை அவன் தலைகீழாகப் பிடித்தபடி பக்கம் புரட்டுவதைக் கண்டேன். விளையாட்டாகச் செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். நூலை நேராக்கிக் கொடுத்து, தலைப்பில் இருந்த முதல் எழுத்தைக் காட்டி ‘இது என்னப்பா?’ என்று கேட்டேன். எழுத்தைப் பார்க்காமல் அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘மாடு டீச்சர்’ என்றான்.

மறுநாள் படம் இல்லாத அட்டைகளில் 30 எழுத்துகளைக் கையால் எழுதி, வரிசை மாற்றிக் காட்டினேன். அவன் அடையாளம் கண்டவை 11. அவற்றில் பெரும்பாலானவை அவனுடைய பெயரில் உள்ளவை. மற்றவை ‘அ, ஆ, இ, ஈ’ என்று தொடக்கத்திலிருந்து வாய்க்குள் பாடிப் பார்த்துச் சொன்னவை. ‘ஔ’ அட்டையைக் காட்டியதும் முகம் மலர்ந்து, ‘இது பாட்டி எழுத்து’ என்றான். செயலியில் ‘ஔ’வுக்கு ஔவையாரின் படம் இருந்தது. ‘ஔ’வின் ஒலி என்ன என்று கேட்டபோது அவனிடம் பதில் இல்லை.

அதன்பின் செயலியோடு அவன் இருக்கும்போது அருகில் அமர்ந்து பார்த்தேன். இதை முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும். அவனுடைய கண் எழுத்தின்மேல் படவே இல்லை. அணிலின் படம் வந்ததும் விரல் சரியான கட்டத்துக்குப் போனது, ஏனெனில் எழுத்துக் கட்டத்தின் மூலையிலும் அதே அணில் சிறிதாக இருந்தது. அந்தச் சிறு படத்தை ஒட்டுத்தாளால் மறைத்தேன். விரல் அந்தரத்தில் நின்றது; அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு எல்லாக் கட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினான். தவறான தட்டலுக்கு ஒரு சிறு ஒலி மட்டுமே எழுந்தது. சரியானது வந்ததும் நட்சத்திரம் விழுந்தது. எத்தனை முறை தவறினான் என்பது கணக்கில் சேரவில்லை. அவன் ஏமாற்றவில்லை. அந்த விளையாட்டு கேட்டதைத்தான் அவன் மிகுந்த புத்திசாலித்தனத்தோடு கற்றிருந்தான்.

அட்டைகளை மற்றக் குழந்தைகளிடமும் காட்டினேன். நட்சத்திரப் பட்டியலுக்கும் அட்டைகளை அடையாளம் காண்பதற்கும் தொடர்பே இல்லை. பட்டியலின் கடைசியில் இருந்த ஒரு சிறுமி 24 எழுத்துகளைச் சொன்னாள். அவளுடைய அக்காள் தினமும் அவளை ‘பள்ளிக்கூட விளையாட்டு’க்கு மாணவியாக உட்காரவைப்பாள் என்பது பின்னர் தெரிந்தது.

சிறுவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கக்கூடுமா என்று தலைமையாசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. சுகாதாரக் கிளினிக்கில் கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட்டன. குறை ஏதும் இல்லை. மலாய் வகுப்பில் ‘பா, பி, பு’ என்று அசைகளைச் சேர்த்து ‘பூக்கு’, ‘பாஜு’ போன்ற சொற்களை அவன் வாசித்துக்கொண்டிருந்தான். எனவே எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் திறன் அவனிடம் இருந்தது. தமிழில் அந்த இணைப்புக்கான வாய்ப்பை நான்தான் அவனுக்குத் தரவில்லை.

ஜூன்: வீட்டில் தெரிந்தது

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்வதால், பள்ளி முடிந்தபின் அவனைக் கவனித்துக்கொண்டவர் அப்பாவைப் பெற்ற பாட்டி. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவனை அழைத்துச் செல்ல வந்தபோது அவரைச் சற்று நேரம் இருக்கச் சொல்லி, வீட்டில் அவனோடு என்ன பேசுவீர்கள், கதை சொல்வதுண்டா என்று கேட்டேன்.

‘முன்ன சொல்லிக்கிட்டுதான் இருந்தேன் டீச்சர். இப்ப போனு அழகா சொல்லிக் குடுக்குது. நா படிச்சது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும்தான். நா குறுக்கால பேசி தப்பாச் சொல்லிக் குடுத்துட்டா பிள்ள கெட்டுப் போயிருவான்ல?’

இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே இந்தப் பதில்தான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, இரண்டு முதல் நான்கு வயது வரை திரைமுன் அமர்ந்திருக்கும் நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. பெற்றோர் கூட்டங்களில் நானும் அதையே சொல்லி, நிமிடங்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நிமிடங்களில் குழந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவருக்கு என்ன நேர்கிறது என்று நான் கேட்கவே இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்த, கதை தெரிந்த, நேரமும் இருந்த ஒரு பாட்டி, ஒரு செயலி தன்னைவிட நன்றாகக் கற்பிக்கிறது என்று நம்பி வாயை மூடிக்கொண்டார். அந்த நம்பிக்கையை வாரந்தோறும் நட்சத்திரப் பட்டியலாக அவர் வீட்டுக்கு அனுப்பியவள் நான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் சுவரிலிருந்த பட்டியலை எடுத்தேன். பெற்றோருக்குக் காரணத்தை விளக்கி, என் தவற்றையும் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். சிலர் வருந்தினார்கள், ஒரு தந்தை, தம் மகளின் உழைப்பு வீணாயிற்றா என்று கேட்டார். செயலியை அடியோடு தடை செய்யலாம் என்று உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் கருதினார். அதற்கு நான் உடன்படவில்லை. டேப்லட்டில் ஒலிப்பதிவும் ஒளிப்படமும் இருந்தன. தாளால் செய்ய முடியாத சில காரியங்களை அவை செய்யும் என்று எனக்குத் தோன்றியது. செயலியைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட்டு, அந்தக் கருவியைக் குழந்தைகளின் சொந்தப் பேச்சைப் பிடித்துவைக்கப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம். 2017இல் திருத்தியமைக்கப்பட்ட தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் விளையாட்டுவழிக் கற்றலுக்கும் கருப்பொருள் வழிக் கற்றலுக்கும் இடம் தந்ததால், தனி அனுமதி எதுவும் தேவைப்படவில்லை.

வழிமுறை இதுதான். குழந்தை தனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல, டேப்லட் அதைப் பதிவு செய்யும். பின்னர் இருவருமாக அதைக் கேட்போம்; நிறுத்தும் பொத்தான் குழந்தையின் கையில் இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் அது நிறுத்த, அந்தச் சொல்லை அதன் கண்ணெதிரே நான் தாளில் எழுதுவேன். மூன்று, நான்கு வரிகள் போதும். கீழே குழந்தை படம் வரையும். அந்தத் தாளே அதன் வாசிப்புப் பாடம்.

எழுதும் பயிற்சியையும் மாற்றினோம். செயலியில் ஒளிரும் புள்ளிக்கோட்டின்மேல் விரலை இழுக்கும் பகுதி ஒன்று இருந்தது. எழுத்துப் பயிற்சிக்கு அதுவே போதும் என்று நினைத்திருந்தேன். 2012இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வொன்றில், எழுத்துகளைத் தாமாகவே கையால் எழுதிப் பழகியபின்தான் வாசிப்போடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் தெளிவாக இயங்கின. விசைப்பலகையில் தட்டியதும், கோட்டின்மேல் வரைந்ததும் அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. அது ரோமன் எழுத்துகளைக் கொண்டு செய்த ஆய்வு. சுழியும் வளைவும் மிகுந்த நம் எழுத்துக்கு அது இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்பது என் கருத்து. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதவைத்தார்கள்; விஜயதசமியன்று அரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறார்கள். வகுப்பில் ஆறு அரிசித் தட்டுகள் வந்தன.

பாட்டியிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். அவன் வீட்டுக்குக் கொண்டு வரும் தாளை, அவனோடு உட்கார்ந்து, விரல் வைத்து வாசிக்க வேண்டும். ‘தப்பா வாசிச்சிட்டா?’ என்றார். ‘அவன் சொன்ன கதைதானேம்மா, அவனே திருத்துவான்’ என்றேன்.

ஜூலை முதல் அக்டோபர் வரை

சிறுவனின் முதல் கதை, பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குச் செல்லும் ஃபெர்ரியைப் பற்றியது. புதிய ஃபெர்ரிகள் 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியபின் அவன் தந்தை தீவுக்கு வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிளிலேயே ஒரு நாள் அவனையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடந்திருக்கிறார். பதிவில் இருந்தது இது: ‘அப்பா மோட்டார்ல என்ன பெரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. காத்து அடிச்சிச்சி. என் தொப்பி பறந்து போச்சி.’

எப்படி எழுதுவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பாலர் வகுப்புத் தாளில் பேச்சு வழக்கு ஏறினால் முதலாம் ஆண்டில் அதுவே பிழையாக நிலைத்துவிடும் என்று தலைமையாசிரியை கருதினார். நான் எழுத்து வழக்குக்கு மாற்றி, ‘அப்பா என்னை மோட்டாரில் ஃபெர்ரிக்கு அழைத்துச் சென்றார். காற்று வீசியது’ என்று எழுதினேன். வாசித்துக் காட்டியதும் அவன், ‘நா அப்படிச் சொல்லலையே டீச்சர்’ என்று தாளைத் தள்ளிவிட்டான். தாளில் இருந்தது அவனுடைய கதையாக இல்லை. குரலையும் எழுத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதே நோக்கம் என்னும்போது, கேட்பது ஒன்றும் பார்ப்பது ஒன்றுமாக இருந்தால் அந்த நோக்கமே அடிபட்டுப் போகும். முதல் ஐந்து கதைகளைக் குழந்தை சொன்னபடியே எழுதுவது, ஆறாவதிலிருந்து அதே கதையை ‘புத்தகத்தில் எழுதுவதுபோல’ இரண்டாம் முறை எழுதி, இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசிப்பது என்று இணங்கினோம். இரண்டு வழக்குகளும் வேறு வேறு என்பதைக் குழந்தைகள் தாமாகவே கண்டுபிடித்தார்கள். ‘புத்தகம் போச்சின்னு சொல்லாது, போயிற்றுன்னுதான் சொல்லும்’ என்று ஒரு சிறுமி மற்றொருத்திக்கு விளக்கியதைக் கேட்டேன்.

‘தொப்பி’ என்ற சொல்லில் அவன் பல நாள் நின்றான். தொலைந்து போன தொப்பி அவனுக்கு முக்கியம்; அதை வாசித்தே ஆக வேண்டும். இடமிருந்து வலமாகப் போகும்போது முதலில் கொம்பு வருகிறது, அதற்கென்று தனி ஒலி இல்லை. பிறகு ‘த’, பிறகு கால். ‘ஏன் டீச்சர் முன்னாலயும் பின்னாலயும் இருக்கு?’ என்று கேட்டான். தமிழ் எழுத்துமுறையில் குழந்தைக்கு உண்மையிலேயே கடினமான இடம் இதுதான்: கண்ணுக்கு முன்னால் வரும் குறி, காதுக்குப் பின்னால் வருகிறது. செயலி ‘தொ’வை ஒரே படமாகக் காட்டியதால் இந்தக் கேள்விக்கே இடம் இருந்ததில்லை. அவனை நடுவில் நிறுத்தி, இரு பக்கமும் இரண்டு நண்பர்களை நிறுத்தி, மூவரும் கை கோத்தால்தான் ‘தொ’ என்று குரல் கொடுக்கலாம் என்று விளையாடினோம். ஒருவர் விலகினால் ‘தெ’ அல்லது ‘தா’. ஒரு வாரம் முழுவதும் இடைவேளையில் அந்த விளையாட்டுதான்.

க என்னும் ஓரெழுத்து ‘கடல்’ என்பதில் ஒரு விதமாகவும் ‘தங்கை’ என்பதில் வேறு விதமாகவும் ஒலிப்பதும் இப்படியே வெளிப்பட்டது. மலாயில் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்தைப் பார்த்துப் பழகிய குழந்தைகள் இதைத் தவறு என்று நினைத்தார்கள். சொல்லுக்குள் வைத்துக் கேட்டால் மட்டுமே இது விளங்கும். தனி எழுத்தாக எத்தனை முறை ஒலித்தாலும் விளங்காது.

செப்டம்பரில் ஒரு காலை அவன் ஒரு தாளோடு வந்தான். பாட்டி அவனுக்கு எழுதிக் கொடுத்தது. ‘வாழை இலை’ என்பதில் ‘லை’, யானைத் துதிக்கை வளைந்த பழைய வடிவத்தில் இருந்தது. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் புழங்கிய வடிவம் அது. பாட்டி தோட்டத்துப் பள்ளியில் கற்றது அதைத்தான். ‘இந்த எழுத்து எங்கயும் இல்லையே டீச்சர்’ என்றான். இது பாட்டி படித்த காலத்து எழுத்து, இப்போது இப்படி எழுதுகிறோம் என்று புதிய வடிவத்தைக் காட்டினேன். அன்று மாலை அவன் அரிசித் தட்டில் பாட்டிக்குப் புதிய ‘லை’யை எழுதிக் காட்டியிருக்கிறான். யாரும் சொல்லாமல், எதையும் பார்க்காமல், தானாக அவன் எழுதிய முதல் எழுத்து அதுவாக இருக்கலாம். மறுநாள் பாட்டி என்னிடம், ‘எனக்குச் சொல்லிக் குடுத்துட்டான் டீச்சர்’ என்று சொன்னபோது அவர் குரலில் ஜூன் மாதத்துத் தயக்கம் இல்லை.

நடைமுறையில் இடர்ப்பாடுகளும் இருந்தன. ஒரு குழந்தைக்கு இருபது நிமிடம் தேவைப்பட்டதால் நாளுக்கு இரண்டு பேருக்கு மேல் முடியவில்லை. ஒரு சுற்று முடிய இரண்டரை வாரம் ஆயிற்று. ஒரு டேப்லட்டின் நினைவகம் நிரம்பியதைக் கவனிக்காமல் விட்டதில் ஒரு சிறுமியின் பதிவு அழிந்தது; அவள் நெடுநேரம் அழுதாள், மீண்டும் சொல்ல மறுத்துவிட்டாள். புலனக் குழுவில் நான் பகிர்ந்த ஒரு கதைப் பதிவு, குடும்பச் செய்தி ஒன்றையும் தாங்கியபடி உறவினர்களிடையே பரவியது. அன்று முதல் பதிவுகளை அந்தந்தப் பெற்றோருக்கு மட்டும் தனியாக அனுப்பினேன்.

விளைவு

2025 ஜனவரியில், பொங்கலை ஒட்டிய வாரத்தில், அதே 30 அட்டைகளை மீண்டும் காட்டினேன். சிறுவன் 26 எழுத்துகளைச் சொன்னான். தன் கதைத் தாள்கள் அனைத்தையும் வாசித்தான். மனப்பாடமாகச் சொல்கிறானா என்று பார்க்கச் சொற்களை வெட்டிக் கலைத்துக் கொடுத்தபோதும் பெரும்பாலானவற்றை வாசித்தான். முன்பின் பாராத எளிய வரிகளைத் தடுக்கித் தடுக்கி வாசித்தான். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் அவனுக்கு இன்னும் குழம்புகின்றன. ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகவே ஒலிக்கிறான். முதலாம் ஆண்டு ஆசிரியையிடம் இதை எழுத்தில் ஒப்படைத்தேன். ‘ஔ’ இன்னும் பாட்டி எழுத்துதான். ஆனால் இப்போது அதன் ஒலியையும் சொல்கிறான்.

எல்லாருக்கும் இது நன்மையாக முடியவில்லை. மலாய்ப் பள்ளியில் படித்ததால் தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு தாய்க்கு, ஒவ்வொரு தாளையும் நான் மெதுவாக வாசித்துக் குரல் பதிவாக அனுப்பினேன். மகளோடு சேர்ந்து அவரும் கற்றுக்கொண்டார். இங்கே கருவி இல்லாவிட்டால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் வீட்டில் மாலை வேளையில் பெரியவர் எவருமே இல்லாத இரு குழந்தைகள், வகுப்பில் கிடைத்ததோடு நின்றுவிட்டார்கள். அவர்களுக்காக நான் தனி ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. அது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மாற்றிச் செய்யப் போவது

எந்தச் செயலியையும் வகுப்பில் வைப்பதற்கு முன், மூன்று குழந்தைகளின் பக்கத்தில் முழு நேரமும் அமர்ந்து அவர்களுடைய கண் எங்கே போகிறது என்று பார்ப்பேன். படத்தை மறைத்தபின் அது எழுத்தைக் கற்பிக்கிறதா என்பதே என் முதல் சோதனையாக இருக்கும். செயலி தரும் மதிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

பேச்சு வழக்குத் தாள்களை ஐந்தோடு நிறுத்தியது சில குழந்தைகளுக்கு முன்கூட்டியதாகிவிட்டது. இனி எண்ணிக்கை வைக்காமல், குழந்தை தன் தாளை நம்பிக்கையோடு வாசிக்கும் வரை காத்திருப்பேன்.

வீட்டில் துணையில்லாத குழந்தைகளுக்காக, பள்ளி முடிந்ததும் அரை மணி நேரம் தாளை உடன் வாசிக்க, பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்லக் காத்திருக்கும் தாத்தா பாட்டிகளைக் கேட்டிருக்கிறோம். ஆண்டின் முதல் வாரத்திலேயே அவர்களைச் சந்திப்பதாக முடிவு செய்திருக்கிறோம். நால்வர் இசைந்திருக்கிறார்கள். அச்சிறுவனின் பாட்டி அவர்களில் ஒருவர். பழைய ‘லை’யை எழுதலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். எழுதலாம் என்று சொல்லியிருக்கிறேன்.